பதினாறு இடத்தில் ஒரே 'அருமை'

ஜூலை 8, திங்கள்

புழுக்கம். மலை உச்சியில் ஒரு துண்டு மேகம் இருந்தது, ஒன்பது மணிக்குள் அதுவும் காணோம்.

புது நோட்டு. பழையதில் பக்கம் தீர்ந்துவிட்டது.

இன்றைக்கு:
— மாவு அரைக்க
— முட்டிப் பயிற்சி இருபது தடவை (பன்னிரண்டோடு நிறுத்தம்)
— ரேஷன் கடை
— பின்னூட்டம் பத்து

பின்னூட்டம் என்று ஒவ்வொரு தடவையும் முழுதாக எழுத முடியாது. இனி பி.ஊ.

நேற்று பார்த்த வீடியோவில் ஒரு பையன் சொன்னது: தினமும் பத்து வலைப்பூவுக்குப் போங்க, பதிவுக்குக் கீழே ரெண்டு நல்ல வார்த்தை எழுதுங்க, அதுக்கும் கீழே உங்க தளத்தோட சுட்டிய போடுங்க, ஒரே மாசத்துல கூட்டம் பிச்சிக்கும். பையன் முகத்தில் மீசை கூட சரியாக வரவில்லை. ஆனாலும் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

என் தளத்தின் பெயர் 'உட்கார்ந்து போகலாம்'. போன வருஷம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முட்டியில் ஆபரேஷன் ஆன பிறகு, எல்லோரையும் போல ஒரே மூச்சில் கிரிவலம் போக முடியவில்லை. நாலு சாயங்காலமாகப் பிரித்துப் போனேன். எங்கெங்கே உட்கார்ந்தேனோ அதையெல்லாம் எழுதி வைத்தேன். பதினேழு இடம். சிமெண்ட் பெஞ்ச், மண்டபப் படி, மரத்தடிக் கல், டீக்கடை. எங்கே குழாய், எங்கே கழிப்பறை, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எத்தனை எட்டு எடுத்து வைக்கணும். அடி கணக்கு, மீட்டர் கணக்கு வேண்டாம். முட்டி வலிக்காரிக்கு எட்டுதான் தெரியும்.

தளம் ஆரம்பித்து ஐந்து மாதம். இன்று பார்த்தவர்கள் நாலு பேர்.

வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்ததும் வழக்கம்போல, "இன்னிக்கு எத்தன பேரு?"

"நாலு."

"அதுல நான் மூணு" என்றார் சட்டையைக் கழற்றிக்கொண்டே. "வேங்கிக்கால்ல எங்க ஆபீஸ்ல நெட்டு நின்னு நின்னு வருது. மூணு தடவ தொறந்தேன்."

ஆக, ஒருவர்.

ஜூலை 9, செவ்வாய்

பள்ளிக்கூடத்திலிருந்து தாளாளர் ஃபோன். பன்னிரண்டு வருஷம் தமிழ் நடத்திய பள்ளிக்கூடம். மூன்று மாடி ஏற முடியாமல்தான் நின்றேன்.

"டீச்சர், இது கிளாஸ் இல்ல. ஆபீஸ் ரூம்தான். கீழயே. காலைல எட்டரைக்கு வந்தா சாயந்தரம் ஆறுக்குப் போயிடலாம். அடுத்த சனிக்கெழமக்குள்ள சொல்லிடுங்க, வேற ஆள் பாக்கணும்."

நல்ல மனுஷி. வேலையும் நல்ல வேலைதான். ஆனால் எட்டரையிலிருந்து ஆறு வரை என்றால் தளம் இருக்காது. பெஞ்ச் உடைந்ததா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று யார் போய்ப் பார்ப்பது? பார்க்காமல் விட்டால் அது பொய்யாகிவிடும்.

அடுத்த சனி 20-ஆம் தேதி. அன்றைக்கே பௌர்ணமி. எனக்கு நானே ஒரு நிபந்தனை: அதற்குள் ஒரே ஒரு வெளியூர் ஆள், முன்பின் தெரியாதவர், நான் சொன்ன ஓர் இடத்தில் நிஜமாக உட்கார வேண்டும். அது எனக்குத் தெரியவும் வேண்டும். நடந்தால் தளம். இல்லையென்றால் ஆபீஸ் ரூம்.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவரே ஓடிப்போய் உட்கார்ந்துவிட்டு வருவார்.

சாயங்காலம் 'கிரிவலம்' என்று தேடி வந்த வலைப்பூக்களில் வரிசையாகப் பி.ஊ. முதல் இரண்டுக்கு யோசித்து எழுதிப் பார்த்து அழித்தேன். அப்புறம் கை வலித்தது. ஒன்றைத் தயார் செய்து நகல் எடுத்து ஒட்டினேன்:

'அருமையான பதிவு! படித்து மிக்க மகிழ்ச்சி. இதுபோல் மேலும் பல பதிவுகளை எதிர்பார்க்கிறேன். நேரமிருந்தால் என் தளத்துக்கும் வாருங்கள்.' கீழே சுட்டி.

பதினாறு. பத்துக்கு மேலேயே ஆறு. உற்சாகம். ரவா உப்புமாவில் முந்திரி கூடப் போட்டேன்.

ஜூலை 10, புதன்

காலையில் முதல் வேலையாகப் போய்ப் பார்த்தேன். பதினாறில் ஒன்பது 'அனுமதிக்குக் காத்திருக்கிறது'. நாலு இடத்தில் எழுதியவரே வலைப்பூவைக் கைவிட்டு வருஷக்கணக்காகிறது. ஆளில்லாத வீட்டில் கதவைத் தட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

இரண்டு இடத்தில் நன்றி.

ஒரு இடத்தில், என் பி.ஊ.வுக்குக் கீழே யாரோ ஒருவர்: 'அம்மா, பதிவைப் படித்தீர்களா?'

அப்போதுதான் படித்தேன்.

எழுதியவர் விருத்தாசலத்துக்காரர், பெயர் ராமநாதன். தலைப்பு 'அம்மாவும் கிரிவலமும்'. அவருடைய அம்மா போன மாதம் இறந்துபோயிருக்கிறார். காரியம் முடிந்த மறுநாள் எழுதியது. அந்த அம்மாவுக்குக் கிரிவலம் வர ஆசை, முட்டி விடவில்லை. அதனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீட்டையே பதினாலு சுற்றுச் சுற்றுவாராம், ஒரு சுற்றுக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. ஏழாவது சுற்றில் கொல்லைப்புற அம்மிக்கல் வந்தால் அது பாதி வழி, அடி அண்ணாமலை. அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். 'போன பௌர்ணமிக்கு அம்மிக்கல் வரைக்கும்தான் வந்தார்' என்று முடித்திருக்கிறார்.

அதற்குக் கீழே நான். படித்து மிக்க மகிழ்ச்சி. இதுபோல் மேலும் பல பதிவுகளை எதிர்பார்க்கிறேன்.

மத்தியானம் சாப்பிடவில்லை. காய்ந்த துணியை மடிக்கிறேன் பேர்வழி என்று இரண்டு தடவை மடித்தேன்.

ஜூலை 11, வியாழன்

நசீமா கடைக்குப் போனேன். கல்லூரியில் ஒரே வகுப்பு, இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை, ரயில் டிக்கெட்டும் எடுத்துத் தருகிறாள். அவள் குடும்பம் நாலு தலைமுறையாக இந்த ஊரில் கடை வைத்திருப்பது. ஆறுதல் சொல்வாள் என்று போனது என் தப்பு.

"சுவத்துல 'இங்கே நோட்டீஸ் ஒட்டாதீர்கள்'னு எழுதி வெச்சிருப்பாங்கல்ல? அந்த எழுத்து மேலயே பசையத் தடவி ஒட்டிட்டுப் போவானுங்க. நீ அந்த ஆளுடி."

"தெரியாமதான நசீமா..."

"தெரியாம என்ன? படிக்கல, அவ்ளோதான். இப்ப ஒருத்தர் என் கடைக்கு வராரு. ஜெராக்ஸ் எடுக்கல, ஒண்ணும் வாங்கல. 'கடை அருமை'ன்னு சொல்லிட்டு அவரு கார்ட வெச்சிட்டுப் போறாரு. நான் என்ன பண்ணுவேன்? அந்தக் கார்டுல வடை எண்ணெய ஒத்துவேன்."

கியூவில் நின்ற ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். அவர் காட்பாடிக்கு டிக்கெட் எடுக்க வந்தவர். எனக்கும் சிரிப்பு வந்து கண்ணில் தண்ணீர்.

இன்னொன்றும் சொன்னாள். பி.ஊ.வில் போடும் சுட்டியைத் தேடுபொறி பெரும்பாலும் கணக்கிலேயே எடுக்காதாம், அவள் கடைக்கு விளம்பரப் பக்கம் செய்து கொடுத்தவர் சொன்னதாம். "ஆளுங்க பாத்துட்டு வந்தாத்தான் உண்டு. மிஷினுக்காக ஒட்டுறது வேஸ்ட்டு. ஜாஸ்தி ஒட்டினா கம்மியாத்தான் வருவாங்க."

வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கடிதம். முதலில் நீளமாக எழுதினேன், என் முட்டி, என் ஆபரேஷன் எல்லாம் வந்தது. அழித்தேன். இரண்டாவதிலும் 'நான்' ஆறு இடத்தில். கடைசியில் போட்டது:

'ஐயா, நேற்று முன்தினம் உங்கள் பதிவைப் படிக்காமலே கீழே எழுதிவிட்டேன். பல இடங்களில் ஒட்டிய வரிகள் அவை. நேற்றுதான் படித்தேன். அம்மிக்கல் வரும்போது அம்மா தண்ணீர் குடிப்பார் என்ற இடத்தைத் தாண்ட முடியவில்லை. மன்னியுங்கள். என் பழைய பின்னூட்டத்தைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.'

சுட்டி போடவில்லை.

ஜூலை 13, சனி

பதில் இல்லை. பழைய பி.ஊ. மட்டும் காணோம். நீக்கிவிட்டார். மன்னிப்பு அப்படியே நிற்கிறது.

பார்த்தவர்கள்: நேற்று 2, இன்று 5 (வீட்டுக்காரரைக் கழிக்கணும்).

மத்தியானம் தூக்கிவாரிப் போட்டது. என் தளத்தில் முதல் பி.ஊ.! ஐந்து மாதத்தில் முதல் முறை. கண்ணாடி தேடி, போட்டுக்கொண்டு பார்த்தால்:

'அருமையான பதிவு! எங்களிடம் எல்லா வகைப் பட்டுப் புடவைகளும் குறைந்த விலையில் கிடைக்கும்.' கீழே சுட்டி.

பட்டால்தான் தெரியும் என்பது இதுதான். அந்தக் கால் நிமிஷ சந்தோஷம் வேறு.

நீக்கவில்லை. கீழே பதில் எழுதினேன்: 'நன்றி. பதினேழில் எந்த இடம் உங்களுக்குப் பயன்படும்?'

பதில் வராது என்று தெரியும்.

ஜூலை 14, ஞாயிறு

அதிகாலை லேசான தூறல். வெயில் வந்ததும் தரை ஆவி விட்டது.

புது முறை. இன்றைக்கு மூன்றே மூன்று. முழுதாகப் படித்த பிறகுதான். எனக்குத் தெரிந்தது ஏதாவது அங்கே விட்டுப்போயிருந்தால் மட்டும் எழுதணும். இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு திரும்பணும்.

ஒரு அம்மாள், சேலம். கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நடந்து கொப்புளம் வந்ததைப் பற்றி. எந்தப் பக்கம் தார் இல்லாத நடைபாதைக் கல் இருக்கிறது, எத்தனை மணிக்கு மேல் அது சுடும் என்று எழுதினேன். சுட்டி இல்லை.

ஒரு பையன், ஓட்டப் பந்தயக்காரன். அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. திரும்பிவிட்டேன்.

மூன்றாவது ஒருவர், அப்பாவைச் சக்கர நாற்காலியில் அழைத்து வர முடியுமா என்று பதிவிலேயே கேட்டிருந்தார், எட்டு மாதமாக ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவருக்கு ஒரு மணி நேரம் செலவழித்து எழுதினேன், எங்கே நடைபாதை சரிவு இருக்கிறது, எங்கே இறங்கி ரோட்டில்தான் தள்ளணும் என்று. சுட்டியும் போட்டேன். இங்கே போடலாம் என்று தோன்றியது. கை கூசவில்லை, அதுதான் அடையாளம்.

வீட்டுக்காரர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "பதினாறு பண்ண நேரத்துல ரெண்டா? பொழச்ச மாதிரிதான்."

"இது கடுதாசி எழுதுற மாதிரிங்க. அது நோட்டீஸ்."

"கடுதாசிக்கு ஸ்டாம்பு ஒட்டணும்" என்றார். அவரே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

ஜூலை 15, திங்கள்

ராமநாதன் பதில்.

'அம்மா, தாமதத்துக்கு மன்னிக்கவும். அந்தப் பக்கத்தில் மறுபடி எழுத எனக்கே சில நாள் தேவைப்பட்டது. நீங்கள் படிக்காமல் எழுதியது முதல் வரியிலேயே தெரிந்தது, கோபமும் வந்தது. நீக்கும் முன் சுட்டியை மட்டும் தொட்டுப் பார்த்தேன், திட்டி எழுத முகவரி கிடைக்குமா என்று. பதினேழு இடத்தையும் படித்தேன். இது போன வருஷமே தெரிந்திருந்தால் அம்மாவை அழைத்து வந்திருப்பேன். இங்கே வருகிறவர்களில் முட்டி வலிக்காரர்கள் அதிகம். சுட்டியை மறுபடி நீங்களே போடுங்கள்.'

போன வருஷம் இப்போது நான் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். தளமே கிடையாது. அதை எழுதத் தோன்றியது, எழுதவில்லை. 'நன்றி' என்று எழுதிச் சுட்டியைப் போட்டேன்.

திட்ட முகவரி தேடியவர். நசீமாவுக்குச் சொன்னால் வாரம் முழுக்கச் சிரிப்பாள்.

ஜூலை 16, செவ்வாய்

பார்த்தவர்கள் 31!! இருபத்தாறு பேர் விருத்தாசலத்துக்காரர் பக்கத்திலிருந்து. வேறு இருவர் அந்தச் சக்கர நாற்காலிப் பதிவிலிருந்து. என்னமோ பிள்ளைக்கு ரிசல்ட் வந்த மாதிரி இருந்தது.

ஒரு கேள்வியும் வந்திருக்கிறது. கடலூர், பெயர் வசந்தி:

'அக்கா, ராமநாதன் சார் பக்கத்தில் பார்த்து வந்தேன். என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம். இப்போது கோல் ஊன்றி நடக்கிறார், இடது கால் இழுக்கும். நடக்க ஆரம்பித்தால் கிரிவலம் வருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். இந்தப் பௌர்ணமிக்கு வரலாமா? பதினேழு இடத்தில் உட்கார்ந்தால் முடியுமா?'

மூன்று தடவை படித்தேன். முடியும் என்று எழுத ஆசை. என் நிபந்தனைக்கு நாலே நாள். ஆனால் பௌர்ணமியன்று லட்சம் கால். கோலை ஒரு ஆள் தட்டிவிட்டால் போதும். என் பதினேழு இடத்திலும் அன்றைக்கு உட்கார இடமிருக்காது, பெஞ்சில் ஏற்கெனவே ஆறு பேர் படுத்திருப்பார்கள்.

எழுதினேன்: 'பௌர்ணமிக்கு வேண்டாம். வேண்டுதலில் பௌர்ணமி என்று சொல்லவில்லையென்றால், சாதாரண நாளில், விடியற்காலை ஐந்துக்கு ஆரம்பியுங்கள். அவருக்கு முடியாத இடத்தில் ஆட்டோ ஏறிக்கொள்ளலாம், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. எதற்கும் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். எல்லா இடத்தையும் ஒரு தடவை சரிபார்த்துவிட்டுச் சொல்கிறேன்.'

வர வேண்டாம் என்றே அழைப்பு. அந்த மீசை முளைக்காத பையன் தலையில் அடித்துக்கொள்வான்.

ஜூலை 17, புதன்

ஆடி முதல் தேதி. தெருமுனை அம்மன் கோயில் ஒலிபெருக்கி காலை நாலரைக்கே. பதினோரு மணிக்குள் தலைவலி.

வசந்தி பதில்: பௌர்ணமி என்று வேண்டவில்லையாம், டாக்டரும் மெதுவாகப் போகச் சொல்லிவிட்டாராம், வெள்ளிக்கிழமை வருகிறார்களாம். வெள்ளி! நாளை மறுநாள்.

நசீமா நாலு மணிக்கே கடையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். பின்னால் நான், மடியில் நோட்டு. கிரிவலப் பாதை முழுக்க ஒரு சுற்று, பதினேழு இடத்திலும் இறங்கி ஏறி.

பார்த்தது:
1 முதல் 5 — சரி. 3-இல் குழாய் ஒழுகுகிறது, ஆனால் வருகிறது.
6 — எம லிங்கம் தாண்டி. பெஞ்சே இல்லை! கால்வாய் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். எண்பது எட்டுக்கு முன்னாலேயே ஒரு மண்டபப் படி. அதை 6 ஆக்கணும்.
9 — நிருதி லிங்கம் தாண்டி, புங்க மரத்தடிக் கல். நல்ல நிழல், காற்று.
10 — அடி அண்ணாமலை டீக்கடை பெஞ்ச்.
14 — கழிப்பறை பூட்டு. சாவி பக்கத்துப் பூக்கடையில்.

டீக்கடை அக்காவிடம் கேட்டேன், வெள்ளிக்கிழமை காலையில் ஒருத்தர் வந்தால் பெஞ்ச் கிடைக்குமா என்று.

"டீ குடிக்கலன்னாலும் உக்காரட்டும்மா. கால் முடியாதவருன்னா சொல்லவே வேணாம். அந்த மூலைல சாய்மானம் இருக்குது, அங்க உக்கார வையி."

நசீமா டீயை உறிஞ்சிக்கொண்டே, "அருமையான கடை, இதுபோல் மேலும் பல கடைகளை எதிர்பார்க்கிறேன்." புரையேறிவிட்டது எனக்கு.

எட்டு எண்ணுவதற்காக ஒன்பதிலிருந்து பத்துக்கு மறுபடி நடந்தேன், அவள் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே கூட வந்தாள். அறுநூற்றுப் பத்து.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதி வசந்திக்கும் சொல்லிவிட்டேன். முட்டி வீங்கியிருக்கிறது. ஐஸ் கட்டி.

ஜூலை 18, வியாழன்

மேகமூட்டம். நாளைக்கும் இப்படியே இருக்கணும்.

அவரிடம் இன்று சொல்லிவிட்டேன், நிபந்தனை, ஆபீஸ் ரூம், எல்லாம். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அவங்க வராம போயிட்டா?"

"சனிக்கெழம ஸ்கூலுக்கு ஃபோன் பண்ணி வரேன்னு சொல்லுவேன்."

"நான் வேணும்னா..."

"நீங்க போயி உக்காரக் கூடாது."

சிரித்தார். ஆனால் பாதி சிரிப்புதான்.

பி.ஊ. இன்று ஒன்று. சேலத்து அம்மாளுக்கு, அவர் கேட்ட கொப்புள மருந்து பற்றி. சுட்டி இல்லாமலே அவர் என் தளத்துக்கு வந்திருக்கிறார், என் பெயரைத் தொட்டு. அப்படியும் ஒரு வழி இருக்கிறது போலிருக்கிறது.

ஜூலை 19, வெள்ளி

நாலு மணிக்கே விழிப்பு. வெளியே எட்டிப் பார்த்தேன், ஒரு மேகம் கிடையாது. சுத்தமான வானம். வேறு நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ராஜகோபுரத்துக்குப் போய் நிற்கலாமா என்று தோன்றியது. போகவில்லை. நான் கூட நடந்தால் அது என் தளம் பார்த்து நடந்ததாகாது.

5.30 — ஒன்றுமில்லை. காபி.
6.15 — ஒன்றுமில்லை. இடியாப்பத்துக்குப் பிழிந்தேன், ஒரு பக்கம் தடியாக விழுந்தது.
7.20 — பார்த்தவர்கள் 3. யார் என்று தெரியாது. அவர் தூங்குகிறார், அவர் இல்லை.
8.00 — ஒருவேளை கிளம்பவே இல்லையோ. பஸ் கிடைக்கவில்லையோ. வசந்தி வீட்டுக்காரருக்கு முடியாமல் போனதோ. அப்படி மட்டும் இருக்கக் கூடாது. வராவிட்டாலும் பரவாயில்லை, நல்லபடியாக இருக்கட்டும்.

8.42 — பி.ஊ. தளத்தில், ஒன்பதாவது இடத்துக்குக் கீழேயே:

'அக்கா, வசந்தி. ஒன்பதில் உட்கார்ந்திருக்கிறோம். கல் மேல் முழு வெயில். நிழல் மரத்துக்கு அந்தப் பக்கம் விழுகிறது. நீங்கள் எப்போதும் சாயங்காலத்தில் வந்திருப்பீர்கள் போல. காலையில் வருகிறவர்களுக்கு மாற்றி எழுதிவிடுங்கள். இவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எழுந்திருக்க மாட்டேன் என்கிறார், வலியால் இல்லை, மலையைப் பார்த்துக்கொண்டு. பத்தாவது இடம் எவ்வளவு தூரம் என்று கேட்கச் சொல்கிறார்.'

ஐந்து மாதமாக ஒன்பதில் நிழல் என்று எழுதி வைத்திருக்கிறேன். நாலு சாயங்காலம் நடந்தவள், புதன்கிழமை சரிபார்த்ததும் சாயங்காலம். காலை என்று ஒன்று இருப்பதே தோன்றவில்லை. பதினேழுக்கும் இனிக் காலையில் ஒரு தடவை போகணும். திங்கள் ஆரம்பிக்கலாம். நசீமா திட்டுவாள், வருவாள்.

அவரை எழுப்பிக் காட்டினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "தப்புன்னு எழுதியிருக்காங்க, நீ ஏன் சிரிக்கிற?"

"உக்காந்ததாலதான தெரிஞ்சுது!"

ஃபோன் அடிக்கிறது. பள்ளிக்கூட நம்பர். அடிக்கட்டும், ஒன்பதில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் முதலில் பதில். அறுநூற்றுப் பத்து எட்டு. இல்லை, அதை மட்டும் எழுதினால் பயந்துவிடுவார். அறுநூற்றுப் பத்து எட்டு, எல்லாம் முட்டி போன ஒருத்தியின் சின்ன எட்டு, அவசரமில்லை, டீக்கடையில் சாய்மானம் உள்ள மூலை உங்களுக்காகவே காத்திருக்கிறது.